தூங்குமூஞ்சிக்கு வேறு பெயர்

பெரியக்கா என்பது அவள் வீட்டிலிருந்து கொண்டுவந்த பெயர். அப்பா போனபின் இரண்டு தங்கைகளையும் ஒரு தம்பியையும் படிக்கவைத்து ஆளாக்கினாள். அவர்கள் குடும்பம் குட்டி என்று ஆளுக்கொரு திசையில் போனபிறகு அவளுக்கென்று மிஞ்சியது அந்தப் பெயர் மட்டும்தான். வேலையில் சேர்ந்த முதல் வாரமே தங்கையிடமிருந்து வந்த போனை எடுத்தவர், "பெரியக்கா இருக்காங்களான்னு யாரோ கேக்கறாங்க" என்று அறை முழுக்கக் கேட்கும்படி கத்த, அலுவலகத்திலும் அதுவே ஒட்டிக்கொண்டது. அவளைவிட மூத்தவரான மேலாளரும் பெரியக்கா என்றுதான் கூப்பிடுகிறார். ஐம்பதை எட்டிப் பார்க்கிற வயதில் அதைப் பற்றிச் சண்டை போட அவளுக்கும் மனமில்லை.

படுத்த படுக்கையாக இருப்பவர்களின் வீடுகளுக்கு நர்சுகளை அனுப்புகிற சின்ன நிறுவனம் அது. ஒரு மருந்துக்கடைக்கு மேலே இரண்டு அறைகள். முன்னறையில் மேலாளரும் போன்களும். பின்னறையில் இரண்டு மேசைகள், ஒரு ஜன்னல், ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் குழாய்கள். போன் எடுக்கத்தான் பெரியக்கா வந்தாள். எந்த நர்ஸ் எந்த வீட்டுக்கு எப்போது போகிறார் என்பதை எல்லாம் தலையிலேயே வைத்திருந்தவள், ஒரு நாள் தலை வலிக்கிறது என்று சொல்லிவிட்டாள். அதன்பிறகுதான் இதற்கும் நோயாளிகளின் மருந்துக் கணக்குக்குமாக ஒரு செயலி எழுத ஆள் தேடினார்கள். வந்தவன்தான் தூங்குமூஞ்சி.

அவனுக்கு அந்தப் பெயரை வைத்தவளும் பெரியக்காதான். முப்பது வயது தாண்டியவன், கல்யாணமானவன், வேலையில் சூரன். ஆனால் மதியம் சாப்பிட்டு வந்தால் விசைப்பலகையைத் தள்ளிவைத்துவிட்டு, கையை மடக்கித் தலையணையாக்கி, மேசையிலேயே சாய்ந்துவிடுவான். வேறு யாராவது அப்படிச் செய்திருந்தால் பெரியக்கா உண்டு இல்லை என்று பண்ணியிருப்பாள். இவன்மேல் மட்டும் அவளுக்குக் கோபம் வந்ததில்லை. தம்பி போய்விட்ட இடம் காலியாகத்தானே இருந்தது.

அவன் எழுதிய செயலியை ஓடவிட இலவசமாக ஒரு சர்வர் கிடைத்தது. எங்கேயோ யாருடைய கட்டடத்திலோ ஓடுகிற இயந்திரத்தில் ஒரு மூலை. ஓசியில் கிடைத்தது என்பதால் அதன் லட்சணமும் அப்படித்தான் இருந்தது. கொஞ்ச நேரம் ஆள் வராவிட்டால் தூங்கிவிடும். யாராவது வந்து தட்டினால், சோம்பல் முறித்து அது எழுந்து வருவதற்குள் தட்டியவருக்குப் பொறுமை போய்விடும். சில சமயம் ஒரேயடியாகப் படுத்தும்விடும்.

செயலிகளை ஏற்றுவதற்கும் இறக்குவதற்கும் ஒரு கறுப்புத் திரை உண்டு. அதில் சுட்டியை வைத்து அழுத்துகிற வேலை கிடையாது, எதுவானாலும் கட்டளையாக அடிக்க வேண்டும். அவன் பெரியக்காவுக்கு அதைப் பழக்கிவிட்டிருந்தான். அவள் அதட்டிச் சொன்னால் வீட்டிலேயே எல்லோரும் கேட்பார்கள், இயந்திரமும் கேட்டது. செயலிக்கு ஒரு பெயர் கொடு, அதுதான் உன் முகவரி என்று திரை கேட்டபோது அவள் ஒவ்வொன்றாக அடித்துப் பார்த்தாள். நல்ல பெயர்களையெல்லாம் உலகத்தில் யார் யாரோ வளைத்துப் போட்டிருந்தார்கள்.

"அதுவும் தூங்குது, நீயும் தூங்கற. உன் பேரையே வெச்சுடறேன்டா" என்றாள்.

"தாராளமா வைங்கக்கா. என் பேரும் எங்கேயாவது ஓடட்டும்" என்றான் அவன், தலையைத் தூக்காமலே.

தூங்குமூஞ்சி என்று ஆங்கில எழுத்தில் அடித்தாள். உலகத்தில் அந்தப் பெயருக்குப் போட்டிக்கு வர ஒருவரும் இல்லை. கேட்ட உடனே கிடைத்தது. அறையே சிரித்தது.

அந்தச் சிரிப்பின் தொடர்ச்சியாகத்தான் பெரியக்கா அந்த அட்டையையும் செய்தாள். பழைய காலண்டர் அட்டையைக் கத்தரித்து, "சர்வர் உறங்குகிறது, தட்டினால் எழும்" என்று கொட்டை எழுத்தில் எழுதி, அவன் சாய்ந்ததும் தலைமாட்டில் நிறுத்திவைப்பாள். பார்க்கிறவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். அவனும் எழுந்ததும் அதை மடக்கி இழுப்பறையில் போட்டுவிட்டு வேலையைத் தொடங்குவான்.

ஒரு நாள் மதியம் அவன் சாப்பிட்டு வந்து, "தலை ஒரு மாதிரி இருக்குக்கா" என்றான்.

"படு, சரியாயிடும்" என்றாள்.

படுத்தான். அவள் அட்டையை வைத்தாள். சந்தேகம் கேட்க வந்த ஒரு நர்சிடம் உதட்டில் விரலை வைத்துக் காட்டினாள். அவன் தலைக்கு மேலிருந்த விளக்கையும் அணைத்தாள். சாயந்திரம் எல்லோரும் பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது, "டேய் சர்வர், எழுந்திரு" என்று தோளில் தட்டினாள். தலை ஒரு பக்கமாக வழுக்கி, அட்டையைத் தள்ளிக்கொண்டு, மேசை விளிம்பில் தொங்கியது.

மூளைக்குப் போகிற ரத்தக்குழாயில் அடைப்பு என்றார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் டாக்டர், "இன்னும் கொஞ்சம் முன்னாடி கொண்டு வந்திருந்தீங்கன்னா" என்று தொடங்கி, எதிரே நின்ற பெண்ணின் முகத்தைப் பார்த்துவிட்டு முடிக்காமலே போய்விட்டார். அந்தப் பெண் அவன் மனைவி. பக்கத்தில் நின்ற பெரியக்காவுக்கு அந்த வாக்கியத்தின் மிச்சம் காதில் விழுந்துகொண்டே இருந்தது. அன்றைக்குத் திரும்பி வந்ததும் அட்டையைக் கிழித்துப் போட்டாள்.

அவன் உயிர் பிழைத்தான். ஆனால் பேச்சு இல்லை, வலப்பக்கம் அசைவில்லை. கண் திறந்திருக்கும், யாரையும் பார்க்காது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பியபோது நிறுவனமே அவனுக்கு நர்ஸ் ஏற்பாடு செய்தது. பெரியக்கா இருப்பதிலேயே கைராசியான நர்சுகளாகப் பார்த்துப் பார்த்து அனுப்பினாள். அவள் மட்டும் போகவில்லை. தினமும் அவள் ஏறுகிற பஸ் அவன் தெருமுனையில்தான் நிற்கும். அந்த நிறுத்தம் வரும்போது பைக்குள் எதையாவது தேடிக்கொண்டிருப்பாள்.

அலுவலகத்தில் அந்தப் பெயரை யாரும் உச்சரிப்பதில்லை. சொல்லி வைத்தாற்போல எல்லோரும் நிறுத்திவிட்டார்கள். ஆனால் பெரியக்காவுக்கு விமோசனம் இல்லை. செயலியில் எதைத் தொட்டாலும் கறுப்புத் திரையில் அந்தப் பெயரை அடித்தாக வேண்டும். வாயால் சொல்லாததை விரலால் சொல்லிக்கொண்டிருந்தாள். இதற்கு நடுவில் வேறொரு தலைவலி. இரவில் பக்கம் திறக்கவில்லை, நோயாளிக்கு எந்த மருந்து எப்போது கொடுத்தார்கள் என்று பார்க்க முடியவில்லை என்று இரவு நர்சுகள் புகார் சொல்ல ஆரம்பித்தார்கள். அவன் இருந்தவரை இந்தப் புகார் வந்ததே இல்லை. சர்வர் முன்னைவிட மோசமாகிவிட்டது என்று நினைத்து, அவன் வீடு திரும்புவதற்கு முன்பே தூங்காத, படுக்காத கட்டணச் சர்வருக்கு மாறினார்கள். பெயர் மட்டும் பழையதே இருந்தது.

அதை மாற்றவைத்தது ஒரு போன். நர்ஸ் ஒவ்வொரு முறை வந்து போனதும் வீட்டாருக்கு ஒரு மெசேஜ் போகும், அதில் ஒரு லிங்க் இருக்கும். அம்மாவை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிற ஒரு பெண் அந்த லிங்க்கை அன்றுதான் எழுத்துக் கூட்டி வாசித்திருக்கிறாள்.

"எங்கம்மா கண்ணத் தெறந்து ரெண்டு மாசம் ஆச்சு. நீங்க அனுப்பற லிங்க்ல தூங்குமூஞ்சின்னு எழுதியிருக்கு. எங்களப் பாத்தா கிண்டலா இருக்கா உங்களுக்கு?"

போனை எடுத்தவர் மேலாளர். மன்னிப்புக் கேட்டு முடித்துவிட்டுப் பின்னறைக்கு வந்தார். "பெரியக்கா, இன்னிக்கே மாத்திடுங்க. நாமளும் பாத்துக்கிட்டேதான் இருந்திருக்கோம், ஒருத்தருக்கும் உறைக்கல பாருங்க."

பெரியக்கா தலையை மட்டும் ஆட்டினாள். அவளுக்கு வருத்தமா நிம்மதியா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. இரண்டும்தான்.

பெயரை மாற்றுவது ஒரே வரிக் கட்டளை. அதன் பின்விளைவுதான் பெரிது. பெயர் மாறிய அந்த நொடியே பழைய முகவரி செத்துப்போகும், தேடி வருகிறவருக்கு இங்கே அப்படி யாரும் இல்லை என்று பதில் போகும். அதனால் பழைய முகவரி எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் முன்கூட்டியே மாற்றி வைக்க வேண்டும். மெசேஜில், நர்சுகளின் போன்களில், மேலாளரின் கணினியில், தன்னுடையதில் என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினாள். நர்சுகளுக்கு ஒவ்வொருவராகப் போன் போட்டுச் சொன்னாள். புதுப் பெயருக்கு உறுதுணை என்று பார்த்தாள், யாரோ எடுத்திருந்தார்கள். அருகில் என்று பார்த்தாள், அதுவும் இல்லை. கடைசியில் பக்கத்துணை கிடைத்தது.

கட்டளையை அடித்தாள். திரை உடனே செய்துவிடவில்லை. நிச்சயமாகத்தானா என்று கேட்டு, உறுதிசெய்யப் பழைய பெயரை ஒருமுறை அடிக்கச் சொன்னது. அவசரப்பட்டு யாரும் எதையாவது கெடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக வைத்த பூட்டு. பெரியக்கா ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்தாள், பழகாதவள்போல. பெயர் மாற்றப்பட்டது என்று ஒரு வரி வந்தது. எதிர் மேசையில் யாரும் இல்லை. தண்ணீர் குடித்தாள்.

சிறிது நேரத்தில் அவள் கைப்பேசி அடித்தது. திரையில் "தூங்குமூஞ்சி வீடு" என்று வந்தது. அதை மாற்ற அவளுக்குத் தோன்றவே இல்லை. எடுக்காமல் விட்டுவிடலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தாள்.

"அக்கா, இவர் கம்ப்யூட்டர்ல மணி அடிக்குதுக்கா. நிக்கவே மாட்டேங்குது, எனக்கு நிறுத்தத் தெரியல" என்றாள் அவன் மனைவி. பின்னால் கணகணவென்று சத்தம் கேட்டது. "இவரு... இவரு எழுந்திருக்கப் பாக்கறாருக்கா."

பெரியக்கா பையை எடுத்துக்கொண்டாள். மேலாளரிடம் சொல்லிக்கொள்ளாமலே இறங்கி, பஸ்ஸுக்கு நிற்காமல் ஆட்டோ பிடித்தாள்.

மூன்றாவது மாடி. கதவு திறந்தே இருந்தது. கூடத்தில் துவைத்த படுக்கை விரிப்புகள் நாற்காலிகள்மேல் காய்ந்துகொண்டிருந்தன. உள்ளறையில், பக்கவாட்டில் கம்பி வைத்த கட்டில். கட்டிலுக்கு எதிரே மூலையில் ஒரு பழைய கணினி. அதிலிருந்துதான் மணி அடித்தது, பள்ளிக்கூட மணி மாதிரி, விட்டு விட்டு.

பெரியக்கா அவனைப் பார்த்தாள். மெலிந்து, யாரோ முகச்சவரம் செய்துவிட்ட முகம். தலை தலையணையிலிருந்து சற்றே எழும்பியிருந்தது. கழுத்து நரம்புகள் புடைத்திருந்தன. இடது கை கட்டில் கம்பியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. ஒருவரையும் பார்க்காத அந்தக் கண்கள் கணினித் திரையையே பார்த்தன.

"என்ன மணி இது?"

"உங்களுக்குத் தெரியாதா?" அவன் மனைவி அவளை வியப்போடு பார்த்தாள். "உங்க ஆபீஸ் மணிதான். ராத்திரியில சர்வர் படுத்துடுச்சுன்னா இது அடிக்கும். எழுந்து போய் எதையோ தட்டிச் சரிபண்ணிட்டு வருவார். வந்து படுத்தா மறுபடி அடிக்கும். என்னங்க இது, தூக்கமே இல்லாமன்னு கேட்டா, எங்கேயோ ஒரு நர்ஸ் நோயாளி பக்கத்துல நின்னுக்கிட்டு மருந்து விவரம் தெரியாம முழிச்சுக்கிட்டிருப்பாங்க, பாவம்னுவார். கம்ப்யூட்டர அணைக்காதேன்னு சொல்லியிருந்தார். ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்தப்புறம் அது அடிக்கவே இல்ல. நானும் அணைக்கல."

"இத யார் அவன பாக்கச் சொன்னா?"

"நீங்கதான் ராத்திரி வேலையும் குடுத்திருக்கீங்கன்னு நெனச்சேன்." அவள் குரலில் இத்தனை மாதத்துக் கோபம் கொஞ்சம் இருந்தது. "பகல்ல ஆபீஸ்ல எல்லாரும் தூங்குமூஞ்சின்னு கூப்பிடறாங்கன்னு சொல்லிச் சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வராது. வீட்ல இவர் தூங்கி நான் பாத்ததில்லக்கா."

பெரியக்கா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இவன் ஏன் மதியத்தில் சாய்கிறான் என்று அத்தனை வருஷத்தில் ஒரு தடவை கேட்டிருக்கலாம். கேட்பதற்குப் பதில் அட்டை எழுதினாள். மணி அடித்துக்கொண்டிருந்ததால் அழ நேரமில்லை.

கணினி முன்னால் உட்கார்ந்தாள். விஷயம் பார்த்த உடனே விளங்கியது. அவன் எழுதிவைத்த சின்னப் புரோகிராம் ஒன்று ஓயாமல் போய்ப் பழைய முகவரியைத் தட்டிக்கொண்டிருந்தது. இங்கே அப்படி யாரும் இல்லை என்று பதில் வர, மணியை அடித்தது. எல்லா இடத்திலும் தேடி மாற்றியவள் விட்ட ஒரே இடம் இந்த வீடு. புரோகிராமின் உச்சியில், தனக்குத்தானே சிரித்துக்கொள்ள அவன் ஒரு வரி எழுதியிருந்தான்: தூங்குமூஞ்சி படுத்தால் தூங்குமூஞ்சியை எழுப்பு.

பெயரை மாற்ற விரலை வைத்தாள்.

"அக்கா, கொஞ்ச நேரம் அடிக்கட்டுமே" என்றாள் அவன் மனைவி, பின்னாலிருந்து.

பெரியக்கா திரும்பினாள்.

"மாசக்கணக்கா நான் கூப்பிடறேன். பேர் சொல்லிக் கூப்பிட்டாச்சு, என்னங்கன்னு கூப்பிட்டாச்சு. ஒரு தடவ கண்ணத் திருப்பல. இதுக்குத் தலையையே தூக்கறார். அடிச்சுக்கிட்டே இருந்தா எழுந்துடுவாரோ என்னவோ. தினமும் இத அடிக்க வைக்க முடியுமாக்கா?"

வைக்க முடியும். ஒரு எழுத்தைத் தப்பாக விட்டால் போதும். அந்தப் பெண் கேட்டு இல்லை என்று சொல்ல இந்த உலகத்திலேயே உரிமை இல்லாதவள் தான்தான் என்றும் பெரியக்காவுக்குத் தெரியும். ஆனால் அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். நெற்றி முழுக்க வியர்வை. கம்பியைப் பிடித்த விரல்கள் வெளுத்திருந்தன.

"வேண்டாம்மா" என்றாள். "அவன் முகத்தப் பாரு. அவனுக்கு இது மணி இல்ல. எங்கேயோ ஒரு நர்ஸ் தவிச்சுக்கிட்டு நிக்கறா, தன்னால எழுந்து போக முடியலன்னு கெடந்து அடிச்சுக்கறான். தினமும் அத அவனுக்குக் குடுக்க வேண்டாம்."

அவன் மனைவி கட்டில் பக்கம் போய்க் குனிந்து பார்த்தாள். புடவைத் தலைப்பால் அவன் நெற்றியைத் துடைத்தாள். "நிறுத்துங்கக்கா" என்றாள்.

பெரியக்கா தூங்குமூஞ்சியை அழித்துப் பக்கத்துணை என்று அடித்தாள். புரோகிராம் புது முகவரியைப் போய்த் தட்டியது. அங்கே கதவு திறந்தது. மணி நின்றது.

அவன் கண்கள் இன்னும் திரையைவிட்டு அகலவில்லை. கையும் கம்பியை விடவில்லை. சத்தம் நின்றது சரி, அது எழுந்ததா இல்லையா என்று அவனுக்கு யார் சொல்வது? பெரியக்கா எழுந்து கட்டிலருகே வந்தாள். அவன் பிடித்திருந்த கையின்மேல் கையை வைத்தாள். இத்தனை மாதங்களாக வாயில் வராத பெயர் அப்போது தானாக வந்தது.

"டேய், தூங்குமூஞ்சி" என்றாள். "அது எழுந்துடுச்சுடா. நான் பாத்துக்கறேன், நீ படு."

அவன் கண்கள் திரையை விட்டன. மெதுவாக நகர்ந்து, அவள் கையில் நின்று, பிறகு அவள் முகத்துக்கு வந்தன. பார்த்தன. தலை தலையணையில் இறங்கியது, விரல்கள் கம்பியை விட்டுவிட்டு அவள் விரல்களைப் பிடித்துக்கொண்டன.

அவன் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, எங்கே கலைந்துவிடுமோ என்று பயந்தவள்போலக் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"நான் கூப்பிட்டுப் பாத்தேன்க்கா, இந்தப் பேரால கூட. என் வாயில அது திட்டற மாதிரிதான் வந்துது. நீங்க இன்னொரு தடவ கூப்பிடுங்க."

பெரியக்கா கூப்பிட்டாள்.